சிரித்துக்கொண்டே இறங்கியவர்கள்

ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் லிஃப்ட் ஓட்டியவளை எல்லோரும் லிஃப்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் கொடுக்கிற காசாளரைத் தவிர வேறு யாருக்கும் அவள் சொந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது.

பொத்தானை அமுக்கினால் தானாகப் போய் நிற்கிற லிஃப்ட் இல்லை அது. ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும். தரைக்குச் சரியாக நிறுத்துவது ஓட்டுகிறவரின் கைவாகு. இழுத்து மூடுகிற கம்பிக் கதவு வழியாக ஒவ்வொரு மாடியும் மேலிருந்து கீழே நழுவிப் போவது தெரியும். முதலில் தரை, அப்புறம் செருப்புகள், அப்புறம் முழங்கால்கள், கடைசியில் முகங்கள். மசகெண்ணெய் வாசனையும், மழை நாளில் நனைந்த குடைகளின் வாசனையும் சேர்ந்து அந்தப் பெட்டிக்குள் எப்போதும் தங்கியிருக்கும். இன்றைக்கும் எங்காவது மசகெண்ணெய் வாசனை அடித்தால் அவளுக்கு உடனே தான் உட்கார்ந்து ஓட்டிய முக்காலி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வேலைக்குப் போன அன்று கட்டட மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பளையால இது முடியுமா?"

"கைப்பிடியத் திருப்பறதுக்கு மீசை வேணுமா சார்?"

அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. முதல் வாரம் தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்துவாள், இல்லை ஒரு சாண் கீழே நிறுத்துவாள். ஏறுகிறவர்கள் குதித்து ஏறுவார்கள், இறங்குகிறவர்கள் திட்டிக்கொண்டே இறங்குவார்கள். மாதம் திரும்புவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தப் பழகிவிட்டாள்.

முதல் மாடியில் பல் டாக்டர் இருந்தார். நான்காவது மாடி பூட்டியே கிடந்தது. மற்ற மாடிகள் எல்லாம் வீடு, மனை, கடன் என்று அலைகிறவர்களுக்காகவே ஏற்பட்டவை. இரண்டிலும் ஆறிலும் வீடு கட்டித் தருகிற கம்பெனிகள். மூன்றில் கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றுமாக ஒரு கடன் கம்பெனி. ஐந்தில் பழைய காலத்து வீட்டுக் கடன் சங்கம். அங்கே மர பெஞ்சுகளும், ஆட்டம் காணுகிற மின்விசிறியும், யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற ஒரு அதிகாரியும் இருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அந்தக் காலத்தில் அவள் குடும்பம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தது. அவள், அவள் கணவன், பள்ளிக்கூடம் போகிற மகள், கணவனின் அக்கா. கணவன் பெயிண்ட் கடையில் விற்பனை வேலை பார்த்தான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். "இன்னிக்கு என்ன நிறம்பா?" என்று மகள் கையைப் பிடித்துப் பார்ப்பாள். அவனுடைய அக்கா, லிஃப்டம்மாவுக்கு அண்ணி, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நாக்கு நீளம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் எழுந்து வெந்நீர் வைக்கிறவளும் அவள்தான்.

பேச்சைத் தொடங்கியதே அண்ணிதான். வீட்டுக்காரர் அந்த வருஷமும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு வாடகையை ஏற்றிவிட்டுப் போன சாயங்காலம் அது.

"நாம ஒரு வீடு வாங்கணும்" என்றாள்.

"நாம குடியிருக்கவாக்கா?" என்று கேட்டான் அவள் தம்பி, லிஃப்டம்மாவின் கணவன்.

"குடியிருக்க இல்லடா. வாடகைக்கு விட. ரெண்டு குடும்பம் இருக்கற மாதிரி ஒரு வீடு. அவங்க தர்ற வாடகை தவணையக் கட்டும். நாம இங்கயே கிடப்போம். கடைசியில வீடு நமக்கு. இத்தன வருஷமா இந்த மனுஷனுக்கு நாம செஞ்சத, நாளைக்கு நமக்கு யாராவது செய்யட்டுமே."

"கடன்னு சொன்னாலே எனக்கு அடிவயிறு கலங்குதுக்கா."

"உனக்கு சோடா குடிச்சாலே கலங்கும். நீ பேசாம இரு. ஏம்மா, நீ என்ன சொல்றே?"

லிஃப்டம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். நாள் முழுக்க அதே பேச்சைத்தான் அவள் மேலும் கீழும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அது தன் வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"யார்கிட்ட கடன் வாங்கறதுன்னு நான் பாத்துச் சொல்றேன் அண்ணி" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் இதே பேச்சுதான். சாப்பிட்ட தட்டுகளைக் கூட எடுக்காமல் மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். எந்தத் தெரு, எந்த வீடு, எந்தக் கம்பெனி என்று பேச்சு நீளும். தம்பி கடைக்கு வருகிற கொத்தனார்களிடம் விசாரித்து வருவான். அண்ணி ஆஸ்பத்திரி நர்சுகளிடம் கேட்டு வருவாள். லிஃப்டம்மா முகங்களைச் சுமந்து வருவாள்.

முகங்கள்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே கணக்கு. மூன்றாவது மாடிக்குப் போகிறவர்கள் தயங்கித் தயங்கி ஏறுவார்கள், சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். கையில் ஒரு பளபளப்பான காலண்டர், சட்டைப் பையில் ஒரு பேனா. "ஒரே நாள்ல முடிச்சிட்டாங்கம்மா" என்று முன்பின் தெரியாத அவளிடம்கூடச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஐந்தாவது மாடிக்குப் போகிறவர்கள் கதையே வேறு. புளித்துப் போன முகத்தோடு முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். "என் தாத்தா எப்ப செத்தார்னு கேக்கறான்யா" என்று ஒருவர். "நான் என்ன கொலையா பண்ணேன், இப்படிக் குடையறான்" என்று இன்னொருவர். ஒரு பெரியவர் லிஃப்டுக்குள் நின்றபடியே தன் விண்ணப்பத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனதும் உண்டு.

"மூணாவது மாடிதான் அண்ணி. சந்தேகமே வேண்டாம்" என்றாள் லிஃப்டம்மா. "அங்க போயிட்டு வர்றவங்க ஒருத்தர் முகம்கூட வாடி நான் பாத்ததில்ல."

வீடும் ஒன்று தட்டுப்பட்டது. தெரு முனையில், கீழே ஒரு செருப்புக் கடையும் மேலே இரண்டு அறைகளுமாகப் பழைய கட்டடம். நீல நிற ஜன்னல்கள். லிஃப்டம்மாவுக்கு அந்த ஜன்னல்கள் மேல் ஒரு மயக்கம். தனக்குப் பதிலாக ஓட்டுகிற மாற்றாளிடம் கைப்பிடியைக் கொடுத்துவிட்டு, ஒரு மத்தியானம் அண்ணியோடு பயணியாக அந்த லிஃப்டில் ஏறினாள். தன் லிஃப்டில் தானே விருந்தாளி மாதிரி நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது மாடியில் அவர்களை உட்காரவைத்து, பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். பேசிய ஆளின் குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது.

"நீங்க நம்ம பில்டிங் ஆளு. உங்களுக்குக் கேள்வியே கிடையாது. திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க, அன்னிக்கே பணம்."

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தாள். "நடுவுல ஒரு மாசம் கட்ட முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அய்யோ அக்கா, நல்ல காரியத்துக்கு வந்துட்டு அந்தப் பேச்செல்லாம் எதுக்கு?"

"இல்ல, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"அதெல்லாம் நாம பேசித் தீத்துக்கலாம்க்கா" என்று சொல்லி, ஆளுக்கொரு காலண்டர் கொடுத்து அனுப்பினார்.

கீழே இறங்கும்போது அண்ணி காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "கேட்டதுக்குப் பதில் வரல, கவனிச்சியா?" என்றாள். லிஃப்டம்மா கவனிக்கவில்லை. அவள் மனது நீல ஜன்னல்களிலேயே இருந்தது. லிஃப்டுக்குள் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தபோது தானும் சிரித்துக்கொண்டேதான் இறங்குகிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமைக்கு முன்பே அது நடந்தது.

புத்தகம் பைண்டு செய்கிற ஒருவர் அந்தக் கட்டடத்துக்கு அடிக்கடி வருவார். விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். போன வருஷம் மூன்றாவது மாடியிலிருந்து காலண்டரும் கையுமாக இறங்கி, "வீடு வாங்கிட்டேம்மா, எங்க பரம்பரையிலேயே நான்தான் முதல் ஆளு" என்று அவளிடம் சொன்னவர். அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது மாடியில் இரண்டு பேரையும் இறக்கிவிட்டாள். வெகுநேரம் கழித்து மூன்றாவது மாடி மணி அடித்தது. போய்க் கதவை இழுத்தாள். அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து மூலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் பைண்டர் மெல்லச் சொன்னார்.

"அம்மா, ஒரு நிமிஷம் நடுவுல நிறுத்த முடியுமா? கீழ எல்லாரும் நிப்பாங்க. இவ அழுகை கொஞ்சம் அடங்கட்டும்."

லிஃப்டம்மா கைப்பிடியை நடுவில் விட்டாள். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் இடையில் லிஃப்ட் தொங்கி நின்றது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பூசாத செங்கல் சுவர். அந்தச் சுவரை அவள் தினமும் பார்த்திருக்கிறாள், நின்று பார்த்தது அன்றுதான். அந்த அம்மா அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் விட்டு அழுதார்.

"வட்டிய ஏத்திட்டாங்க" என்றார் பைண்டர், யாரிடமோ சொல்வது போல. "ரெண்டு தடவ. ஏத்தலாம்னு நாங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே இருக்காம். ரெண்டு மாசம் தவணை நின்னுச்சு. வீட்டை எழுதிக்கிறோம்னு சொல்றாங்க. தேதி குறிச்சிட்டாங்க."

"பேசிப் பாத்தீங்களா?"

"அன்னிக்குப் பேசின ஆளு இன்னிக்கு வெளியவே வரல. வேற ஒருத்தர் வந்தார். நின்னுக்கிட்டே பேசி அனுப்பிட்டார்."

மேலே ஆறாவது மாடி மணி அடித்தது. கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். "ஏய் லிஃப்டு!" என்று ஒரு குரல் கத்தியது. அவள் அசையவில்லை. முக்காலியிலிருந்து எழுந்து அந்த அம்மாவை அதில் உட்காரவைத்து, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். முகம் துடைக்கத் தன் கைத்துண்டையும் கொடுத்தாள். எல்லாம் முடிந்து, அந்த அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு தலையசைத்த பிறகுதான் கைப்பிடியைத் திருப்பினாள். கீழே காத்திருந்தவர்கள் எரிந்து விழுந்தார்கள். "மெஷின் மக்கர் பண்ணிடுச்சு" என்றாள். அந்த வேலையில் அவள் சொன்ன பொய்கள் குறைவு. அது ஒன்றுக்காக அவள் என்றும் வருந்தியதில்லை.

அன்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டே ஓட்டினாள். சிரித்துக்கொண்டே இறங்கியவர்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கடன் வாங்கிய நாளில் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவள் கேட்டதே இல்லை. அவர்களில் சிலர் திரும்ப வந்திருக்கிறார்கள். மாடிப்படி வழியாக, யார் கண்ணிலும் படாமல். படிக்கட்டில் சத்தமில்லாமல் இறங்கிப் போகிறவர்களைக் கம்பிக் கதவு வழியாகப் பார்த்தும், ஏதோ லிஃப்டுக்குப் பயந்தவர்கள் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். "அண்ணி, மூணாவது மாடி வேண்டாம்."

அண்ணி என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று லிஃப்டம்மா எதிர்பார்த்தாள். அண்ணி எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி, மகளிடம் கொடுத்தாள்.

"இந்தா, புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கோ. காகிதம் நல்லா இருக்கு."

தம்பி மெல்லக் கேட்டான்: "அப்ப அவ்வளவுதானே, விட்டுரலாம் இல்ல?"

"விடறதா? நாளைக்கு அஞ்சாவது மாடிடா."

கண்ணாடிக்காரர் அவர்களை மர பெஞ்சில் வெகுநேரம் உட்காரவைத்தார். தேநீர் இல்லை. கேள்விகள் மட்டும் இருந்தன. யார் யார் சம்பாதிக்கிறீர்கள், யாருக்கு என்ன வியாதி, பெயிண்ட் கடை சொந்தக்காரர் எத்தனை வயசுக்காரர், அவருக்குப் பிறகு கடையை யார் பார்ப்பார்கள்? அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"நாங்க கடன் கேக்க வந்தோமா, சாட்சி சொல்ல வந்தோமா?"

"நாளைக்கு நான் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது இல்லம்மா. அதுக்குத்தான் இன்னிக்கே கேக்கறேன்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

அப்புறம் அதே கேள்வியை அண்ணி கேட்டாள். ஒரு மாசம் கட்ட முடியவில்லை என்றால்? அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். முதல் மாதம் என்ன, மூன்றாவது மாதம் என்ன, எப்போது கடிதம் வரும், எப்போது ஆள் வரும், கடைசியில் வீடு எப்படிப் போகும் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. கட்ட முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே வந்து சொல்லச் சொன்னார். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி மட்டும் முதல் தடவையாகத் தலையாட்டினாள்.

நீல ஜன்னல் வீட்டைப் பார்க்க அவரே நேரில் வந்தார். குடையின் நுனியால் மாடி உத்தரத்தைக் குத்தினார். பொலபொலவென்று மரத்தூள் கொட்டியது. பின்பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"இதுக்குத் தர முடியாது. வேற வீடு பாருங்க."

லிஃப்டம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அண்ணி அவரைத் திட்டித் தீர்த்தாள். துணிக்கடையில் ஒரு முழம் வாங்க வந்துவிட்டுக் கடையையே புரட்டிப் போடுகிற ஆள், இவனுக்கு வாக்கப்பட்டவள் பாவம் என்றெல்லாம் சொன்னாள். ஆனால் திட்டிய வாய் அடுத்த வாரமே, "அந்த ஆளு குத்திப் பாக்கலைன்னா நாம குடிவெச்ச குடும்பத்து தலையில இல்ல அது விழுந்திருக்கும்" என்றது. அவர் வேண்டாம் என்று சொன்னதால்தான் அவரை நம்பலாம் என்று அண்ணிக்குத் தோன்றிவிட்டது. லிஃப்டம்மாவுக்கு அப்படித் தோன்ற இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

அடுத்த வீடு கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மேட்டுத் தெருவில், முன்னும் பின்னுமாக இரண்டு குடித்தனம் வைக்கிற மாதிரி ஒரு வீடு. சுவர் திடமாக இருந்தது, பத்திரத்தில் சிக்கல் இல்லை. கூரையையும் குழாய்களையும் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் வந்து குடையால் எல்லா இடத்திலும் குத்திப் பார்த்தார். ஒன்றும் கொட்டவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகவே "சரி" என்றார்.

இனி அந்த வேலையைச் செய்து கொடுக்க ஆள் வேண்டும். இரண்டாவது மாடியா, ஆறாவது மாடியா என்பதில் பெரிய சண்டையே நடந்தது. ஆறாவது மாடிக் கம்பெனி சுவர் முழுக்கப் படம் மாட்டியிருந்தது, தம்பி அதில் சொக்கிப் போயிருந்தான். இரண்டாவது மாடியில் ஒரு அப்பாவும் மகளும் மட்டும், ஒரே மேஜை.

"படத்தைப் பாத்து என்னடா தெரியும்? இவங்க கட்டி அஞ்சாறு வருஷம் ஆன வீட்டுக்குப் போய்க் குழாயத் திறந்து பாக்கணும்" என்று கிளம்பிவிட்டாள் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்டம்மாவையும் இழுத்துக்கொண்டு முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டினாள். "மன்னிக்கணும், உங்க வீட்டுக் குழாயக் கொஞ்சம் திறந்து பாக்கலாமா?" சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். சிலர் உட்காரவைத்து, ஒழுகுகிற கூரையைக் காட்டி ஒரு பாட்டம் அழுதார்கள். ஒரு வீட்டில் அண்ணியைத் தண்ணீர் வரி அதிகாரி என்று நினைத்து நடுங்கிவிட்டார்கள். அண்ணி அதைத் திருத்தாமலே குளியலறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெளியே வந்ததும் இரண்டு பேரும் தெருவிலேயே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

லிஃப்டம்மாவும் இந்தத் தடவை வேறு விதமாகப் பார்த்தாள். வீடு வாங்க வருகிறவர்களை விட்டுவிட்டு, சனிக்கிழமை கூலி வாங்க வருகிற வேலையாட்களைக் கவனித்தாள். ஆறாவது மாடிக்கு வருகிறவர்கள் மாடிப்படியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள். லிஃப்டில் ஏறக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. இரண்டாவது மாடிக்கு வருகிறவர்கள் போன வேகத்தில் திரும்புவார்கள். அந்த மகள் சில நாள் படிவரைக்கும் வந்து, "அண்ணே, உங்க பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"ரெண்டாவது மாடி அண்ணி" என்றாள் லிஃப்டம்மா. "ஆனா இந்தத் தடவ நான் சொல்றதுக்காக வேண்டாம். நீங்களும் பாத்துட்டு சொல்லுங்க."

"அவங்க கட்டின நாலு வீட்டுலயும் குழாய் நல்லாத்தான் வருது" என்றாள் அண்ணி.

அப்பாவும் மகளும் வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கவில்லை. மழை வந்து தள்ளிப்போட்டது. ஆனால் தள்ளிப்போகும் என்பதை வந்து சொன்னார்கள். தம்பி தன் கையாலேயே இரண்டு குடித்தனத்துக்கும் பெயிண்ட் அடித்தான். முன்பக்கத்துக்கு என்ன நிறம் என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள். முன்பக்கம் ஒரு ஆசிரியர் குடும்பம் வந்தது. பின்பக்கத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது லிஃப்டம்மாதான் பைண்டரைத் தேடிப் போனாள். அவர் வீடு அதற்குள் கைமாறிவிட்டிருந்தது. ஒரு கிடங்கின் பின்புறம் ஒற்றை அறையில் இருந்தார்கள். "எங்க வீட்ல பின்பக்கம் காலியா இருக்கு. நீங்க வந்தா எங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாவும் அவளும் பிறகு எத்தனையோ பேசியிருக்கிறார்கள், சமையல், முழங்கால் வலி, பிள்ளைகள் என்று. லிஃப்ட் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் எடுத்ததில்லை.

எல்லாம் சீராகவே போய்விடவில்லை. நடுவில் ஒரு வருஷம் பெயிண்ட் கடைக்காரர் இறந்துபோய்க் கடையை மூடிவிட்டார்கள். அதே சமயம் ஆசிரியருக்கு மாற்றலாகி முன்பக்கமும் காலியானது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தவணை கட்டினார்கள். மூன்றாவதுக்கு வழியில்லை. தம்பி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணிதான், "அந்த ஆளு என்ன சொன்னாரு? கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா முன்னாடியே வந்து சொல்லுங்கன்னு தானே? வாங்க போவோம்" என்றாள்.

மூன்று பேரும் போனார்கள். கண்ணாடிக்காரர் அதே பெஞ்சில் அவர்களை அதே மாதிரி காக்கவைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெயிண்ட் கடைக்கு அப்புறம் என்னன்னு நான் அன்னிக்கே கேட்டேன்" என்றார். தம்பி தலையைக் குனிந்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லிக் காட்டலப்பா. கேட்டு வெச்சதால இப்ப வழி இருக்குன்னு சொல்ல வந்தேன். ஆறு மாசத்துக்குப் பாதித் தவணை கட்டுங்க. மிச்சத்தக் கடைசியில சேத்துக்கலாம். முன்னாடியே வந்தீங்க பாருங்க, அது போதும்."

வெளியே வந்ததும் தம்பி லிஃப்டுக்குள் நின்று அழுதான். மாற்றாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. லிஃப்டம்மா அவள் கையை விலக்கிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்து, அவர்களை மெதுவாக இறக்கினாள்.

மூன்றாவது மாடிக் கம்பெனி அதற்கடுத்த வருஷம் ஒரு நாள் காலையில் கண்ணாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனது. படியெல்லாம் வீட்டுப் பத்திரத்தை அங்கே கொடுத்து வைத்திருந்த ஜனம். அன்றைக்கு முழுக்க அவள் ஏற்றி இறக்கிய முகங்களை மறக்க அவளுக்கு வெகுநாள் ஆனது. நாம் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. கையெழுத்துப் போடாமல் போன அந்த ஒரு திங்கட்கிழமைதானே குறுக்கே நின்றது.

கடைசித் தவணை கட்டிய அன்று அண்ணி நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்காரர் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

"அப்பாடா, இனிமே உங்க மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல" என்றாள் அண்ணி.

"அடுத்த வீடு வாங்கறப்ப வருவீங்க" என்றார் அவர். வாழ்க்கையில் அவர் சிரித்து அவர்கள் பார்த்தது அன்றுதான். பல்வரிசை அழகாகவே இருந்தது. இதை ஏன் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தார் என்று அண்ணி வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவர் சொன்னபடியே போனார்கள். இரண்டாவது வீடு வாங்கினார்கள். அது இருந்ததால்தான், கட்டடத்தில் பொத்தான் லிஃப்ட் வந்து அவளை வீட்டுக்கு அனுப்பியபோது யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆனது. கண்ணாடிக்காரர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். அண்ணி, மேட்டுத் தெரு வீட்டின் முன்பக்கத்திலேயே தன் கடைசி வருஷங்களைக் கழித்தாள். படுத்த படுக்கையாக இருந்தபோதும் குழாய் வேலைக்கு வந்தவனைக் கூப்பிட்டு, திறந்து காட்டச் சொல்லித் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கூலி கொடுக்கவிட்டாள்.

இப்போது லிஃப்டம்மாவும் கணவனும் அதே வீட்டில் இருக்கிறார்கள். வாடகை மாதாமாதம் தானாக வந்துவிடுகிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை. சாயங்காலம் சாப்பிட்டதும் தட்டை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள். அதுதான் அவளுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. அந்த சைக்கிள் கடை மாடியில், தட்டுகள் காய்ந்து போகிற வரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்து, கையில் ஒன்றும் இல்லாமல், இன்னும் வாங்காத வீட்டுக்கு எந்தக் கம்பெனி, யாரிடம் கடன் என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவளுக்கு நினைவுக்கு வருகின்றன. வீடுகள் வந்துவிட்டன. அந்தச் சண்டைக்குத்தான் ஆள் இல்லை.

"ஏங்க" என்பாள் சில நாள், "அந்த ஆறாவது மாடிக் கம்பெனிக்காரன்கிட்டயே நாம கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நான் அன்னிக்கே சொன்னேன், அவன்தான் நல்லாக் கட்டியிருப்பான்னு" என்பான் அவன், வேண்டுமென்றே.

"நல்லாக் கட்டுவான், நல்லா! படத்தப் பாத்து மயங்கின ஆளுதானே நீங்க" என்று அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.